இறுவட்டிலிருந்து வகுப்பறைத் துணுக்கு: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

கொழும்பில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் எந்தப் பாடசாலையின் நூலக அலுமாரியைத் திறந்தாலும் ஒரு தட்டு நிறைய இறுவட்டுகள் இருக்கும். புறக்கோட்டையில் வாங்கிய வீசீடிகள், பழைய மாணவர்கள் இலண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் அனுப்பிய விஞ்ஞான விவரணப் படங்கள், கலைவிழாவைப் படம்பிடித்தவர் எழுதிக் கொடுத்த டிவிடிகள், ஓர் ஆசிரியர் தொலைக்காட்சியிலிருந்து பதிந்துவிட்டுப் பெயர்கூட எழுதாமல் வைத்துப்போனவை என எல்லாமே அங்கே கலந்து கிடக்கும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குத் தேவைப்படுவதோ அவற்றுள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் மட்டுமே. இப்போது வரும் மடிக்கணினிகளில் இறுவட்டைப் போடவே இடமில்லை என்பதால், அந்த மூன்று நிமிடத்தை முதல்நாள் இரவே தனிக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வதே வசதி.

சக ஆசிரியர்களுக்காக இந்த வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அவர்கள் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றேதான்: "சேர், படம் ஓடுதில்லை." அதற்குள் குறைந்தது பத்து வேறுவேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தெரியவரும் கட்டத்தில் உண்டாவதில்லை. அதற்கு முந்திய கட்டம் ஒன்றிலேயே உண்டாகிவிடுகின்றன. அதனால் நான் ஓர் ஒழுங்கை மாற்றாமல் பின்பற்றுகிறேன். முதலில் இறுவட்டைத் துடைக்கிறேன்; பிறகு அதை முழுமையாக வன்வட்டுக்கு எடுக்கிறேன்; எடுத்த பிரதியிலிருந்து துணுக்கை வெட்டுகிறேன்; வடிவம் மாற்றும் வேலையைக் கடைசிக்கு விடுகிறேன். கீழே வரும் அறிகுறிகளில் பாதி, இந்த ஒழுங்கை முன்பின்னாக்கியதால் வருபவை. படத்தை ஓட்டும் விஎல்சி, வடிவம் மாற்றும் ஹேண்ட்பிரேக், துணுக்கை வெட்டும் அவிடெமக்ஸ் ஆகிய மூன்று இலவச மென்பொருள்கள் இருந்தால் அனேகமாக எல்லா வேலையும் முடிந்துவிடும்.

இறுவட்டைப் போட்டபின் கணினி எதையும் காட்டவில்லை

முதலில் நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறோர் இறுவட்டைப் போட்டுப் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால் குற்றம் டிரைவின் பக்கம். வெளியே இணைக்கும் மெல்லிய டிவிடி டிரைவுகள், இறுவட்டுத் தட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில், யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தரக்கூடிய 500 மில்லி அம்பியருக்கு மேல் கேட்பதுண்டு. அது கிடைக்காதபோது டிரைவ் ஒரு முனகலோடு நின்று, மீண்டும் முயன்று, மீண்டும் நின்றுவிடும். இரண்டு யூஎஸ்பி தலை கொண்ட கேபிளைப் பயன்படுத்தினாலோ, மடிக்கணினியின் யூஎஸ்பி 3.0 துளைக்கு மாற்றினாலோ இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மின்சாரம் தனியாகப் பெறாத யூஎஸ்பி ஹப் ஒன்றின் வழியாக இத்தகைய டிரைவை இணைக்கவே வேண்டாம்.

குளிரூட்டிய கணினி அறையிலிருந்து இறுவட்டையோ டிரைவையோ நம் ஊர்க் கடற்காற்று வீசும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், லென்சின் மேல் ஈரம் படியும். அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு முயல வேண்டும்.

டிரைவ் தட்டை அறிந்துகொள்கிறது, ஆனால் இருமுறை சொடுக்கினால் படம் ஓடவில்லை என்றால், அது பழுதே அல்ல. விண்டோஸ் 8 வந்தது முதல் டிவிடி ஓட்டும் வசதி விண்டோசுடன் இயல்பாக வருவதில்லை. விஎல்சியை நிறுவினால் போதும்.

படம் இருப்பது உறுதி, கணினியோ வெற்று இறுவட்டு என்கிறது

ஆசிரியர்களை மிகவும் கலங்கவைப்பது இந்த அறிகுறிதான். என்னிடம் வருவனவற்றுள் நான் விரும்பிக் கையாள்வதும் இதுவே. இறுவட்டின் அடிப்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எழுதப்பட்ட பகுதியும் எழுதப்படாத பகுதியும் நிறத்தில் வேறுபட்டு, இடையே ஒரு வட்டக் கோடு தெரியும். கோடு தெரிந்தால் உள்ளே பதிவு இருக்கிறது. அதைப் பதிந்த கருவி, பதிவின் அட்டவணையை எழுதி முடித்து வைக்கும் இறுதி வேலையைச் செய்யவில்லை. அந்த அட்டவணை இல்லாமல் கணினிக்குத் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. வீட்டில் வைத்திருந்த டிவிடி ரெக்கோர்டர்களிலும், சிறு டிவிடியில் நேரே பதிந்த கமராக்களிலும் இது சாதாரணமாக நடந்தது. பதிந்த கருவியில் போட்டால் படம் ஓடும், வேறு எதிலும் ஓடாது என்பதால், பல ஆண்டுகளுக்கு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

2010 ஜனவரி 15 ஆம் திகதி இலங்கையின் வடக்கில் கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்றைய தொலைக்காட்சி ஒளிபரப்பை ஒரு விஞ்ஞான ஆசிரியை தம் வீட்டு ரெக்கோர்டரில் பதிந்து வைத்திருந்தார். தரம் 8 மாணவர்களுக்குக் காட்டவேண்டும் என்று அந்த இறுவட்டை அவர் கொண்டுவந்தபோது கணினி அதை வெற்று இறுவட்டு என்றது. ரெக்கோர்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதே நிறுவனத்தின் அதே வரிசையைச் சேர்ந்த இன்னொரு ரெக்கோர்டர் ஓர் உறவினர் வீட்டுப் பரணில் கிடைத்தது. அதில் போட்டு, இறுவட்டு அமைப்புப் பட்டியலில் "ஃபைனலைஸ்" என்பதைத் தெரிவுசெய்ததும் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பதிந்த கருவியோ அதன் இனமோ கிடைத்தால் முதல் வழி இதுதான். செய்யும்போது மின்சாரம் தடைப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் நின்றால் நிலைமை முன்பிருந்ததைவிட மோசமாகும்.

கருவி கிடைக்காவிட்டால், முடித்து வைக்கப்படாத தட்டுகளையும் வாசிக்கக்கூடிய ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருளை நாட வேண்டும். அது அட்டவணையை நம்பாமல் தட்டைத் துண்டு துண்டாகத் தேடிக் காணொளியை வெளியே எடுக்கிறது. எந்த நிலையிலும் "இந்த இறுவட்டை வடிவமைக்கவா?" என்று விண்டோஸ் கேட்கும் கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இதற்கு நெருங்கிய உறவுள்ள இன்னொரு நிலையும் உண்டு. தட்டு திறக்கிறது, ஆனால் வழக்கமான காணொளிக் கோப்புறைக்குப் பதிலாக, விஆர்ஓ என்று முடியும் ஒரே பெரிய கோப்பு மட்டும் இருக்கிறது. ரெக்கோர்டர்கள் மீள எழுதக்கூடிய தட்டில் பயன்படுத்திய பதிவு முறை அது. அந்தக் கோப்பை வன்வட்டுக்கு எடுத்து விஎல்சியில் திறந்தால் அனேகமாக ஓடும். பல நிகழ்ச்சிகள் ஒரே கோப்பில் தொடர்ந்து வருவதால் தேவையான இடத்தைத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பிரதி எடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது

வீசீடியா டிவிடியா என்பதை முதலில் பாருங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே விதமாகப் பழுதாவதில்லை. வீசீடியில் காணொளி டாட் (.dat) என்று முடியும் கோப்பாகத் தெரியும். சாதாரணத் தரவு சீடியில் பதிவின் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் 2048 பைட் தரவும், அதோடு பிழை திருத்துவதற்கான மேலதிகக் குறியீடும் இருக்கும். வீசீடியில் அந்தக் குறியீட்டை விட்டுவிட்டு 2324 பைட் தரவை வைத்தார்கள். எழுபத்து நான்கு நிமிடப் படத்தை ஒரு சீடியில் அடக்க அது உதவியது. அதனால்தான் தரவு சீடி ஒன்று தாங்கிக்கொள்ளும் அதே கீறலில் வீசீடி திணறி நிற்கிறது. வீசீடியை வழக்கமான ஐஎஸ்ஓ உருவமாக, அதாவது முழு இறுவட்டையும் அடக்கிய ஒரே கோப்பாக, எடுக்க முயல்வதும் பயன்தராது. டாட் கோப்பின் பெயரை எம்பிஜி என்று மாற்றும் பழைய தந்திரம் சில பிளேயர்களை ஏமாற்றும், வெட்டும் மென்பொருளை ஏமாற்றாது. விஎல்சியில் இறுவட்டைத் திறக்கும் சாளரத்துக்குச் சென்று வீசீடி என்பதைத் தெரிவுசெய்து அங்கிருந்தே கோப்பாக மாற்றுவது, அல்லது முன்பு சொன்ன ஐசோபஸ்டரைக் கொண்டு காணொளித் தரவை மட்டும் பிரித்தெடுப்பது, இவையே சரியான வழிகள்.

டிவிடியானால், நின்ற இடம் எது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். தட்டு உள்ளிருந்து வெளிநோக்கிப் பதியப்படுவதால், கடைசிப் பகுதியில் நின்றால் விளிம்பில் விரல் அடையாளமோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏறத்தாழ நடுப்பகுதியில் நின்று, அடிப்பக்கத்தில் கீறலும் இல்லையென்றால், அது இரண்டு அடுக்கு கொண்ட தட்டாக இருக்கலாம். டிரைவின் ஒளிக்கதிர் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் தடுமாறுகிறது. அப்போது வேறொரு டிரைவில் முயல்வதுதான் வழி.

துடைக்கும்போது மென்மையான துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால் புதிதாக விழும் கீறல் பதிவுத் தடத்தின் வழியே நீளும். பிழை திருத்தும் முறை தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலைச் சமாளிக்கும், தடத்தோடு ஓடும் கீறலைச் சமாளிக்காது. சீடியின் மேற்பக்கத்தையும் கவனியுங்கள்: அதில் தரவு அச்சிட்ட பக்கத்துக்கு உடனடிக் கீழே இருப்பதால், மேற்பக்கக் கீறலே அடிப்பக்கக் கீறலைவிட ஆபத்தானது. ஒட்டிய லேபிளைப் பிய்த்தெடுத்தால் தரவும் சேர்ந்து வந்துவிடும். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீற்றர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறார்கள். ஆழமில்லாத கீறலில் அது சிலவேளை பலிக்கத்தான் செய்கிறது. ஆனால் எடுக்கக்கூடிய தரவை எல்லாம் எடுத்து முடித்த பின்னரே அதைத் தொட வேண்டும்.

துடைத்தும் நின்றால், உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, டீடீரெஸ்கியூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸின் பிரதியெடுப்பு, ஒரு துண்டு வாசிக்கப்படாவிட்டால் முழு வேலையையும் கைவிட்டுவிடும். டீடீரெஸ்கியூ அப்படியல்ல. வாசிக்கக்கூடியதை எல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பி வருகிறது. இதன் பெரிய நன்மை, அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து இன்னொரு டிரைவில் தொடரலாம் என்பது. ஒரு டிரைவ் வாசிக்க மறுக்கும் துண்டை மற்றொன்று எளிதாக வாசிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மூன்று டிரைவுகளில் மாறி மாறி ஓடவிட்டு முழுமையாக மீண்டு வந்த தட்டுகளும் உண்டு. இந்த வழி டிவிடிக்கும் தரவு சீடிக்கும் பொருந்தும், வீசீடிக்குப் பொருந்தாது.

பிரதி எடுத்த கோப்பில் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கட்டங்கள் வருகின்றன

இறுவட்டில் நேராகப் பார்த்தால் படம் தெளிவாக இருக்கிறது, வன்வட்டுக்கு எடுத்தால் இப்படிச் சிதைகிறது, ஹேண்ட்பிரேக்கும் வாசிக்க மறுக்கிறது என்றால், தட்டு பிரதித் தடுப்புப் பூட்டுடன் வந்திருக்கிறது. கடைகளில் விற்பனையான திரைப்பட டிவிடிகள் பலவும் இப்படிப்பட்டவை. பூட்டைத் திறக்கும் சாவிகள் தட்டின் உள்விளிம்பில், கோப்புகளுக்கு அப்பால் இருப்பதால், கோப்பை மட்டும் எடுத்தால் சாவி உடன் வராது.

இங்கே தொழில்நுட்பத்தைச் சற்று நிறுத்திவிட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, நியாயமான பயன்பாட்டுக்குரிய நோக்கங்களுள் கற்பித்தலையும் குறிப்பிடுகிறது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் இயல்பு, எடுத்துக்கொண்ட அளவு, படைப்பின் சந்தைக்கு ஏற்படும் விளைவு ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று நிமிடத்தை மட்டும் எடுப்பதற்கும், அதன் தொடக்கத்தில் படத்தின் பெயரையும் இயக்குநரையும் ஆண்டையும் எழுதுவதற்கும் நான் பிடிவாதமாக இருப்பதன் காரணம் இதுதான். ஆயினும் நியாயமான பயன்பாடு என்பது பூட்டை உடைக்கத் தரப்பட்ட அனுமதி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டிகள் பல, கல்வியாளர்களுக்குப் பூட்டை நீக்க உரிமை உண்டு என்று எழுதுவது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கும் விதிவிலக்குகளை வைத்து. அது அந்த நாட்டுச் சட்டம், நம்முடையது அல்ல.

ஆகவே பூட்டிய தட்டிலிருந்து துணுக்கு எடுக்காமல், தட்டையே வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். தேவையான காட்சி எந்தத் தலைப்பில், எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று முதல்நாளே எழுதி வைத்துக்கொண்டு, விஎல்சியில் கண்ட்ரோல் விசையுடன் டி (T) விசையை அழுத்தி அந்த நேரத்தை நேரே கொடுத்தால், பட்டியல்களுக்குள் அலையாமல் காட்சிக்குப் போய்விடலாம். விவரணப் படமானால் வெளியீட்டாளருக்கு எழுதிக் கேட்பதும் வீண்போவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த தட்டு, எந்த நாடுகளுக்கான டிவிடி என்று காட்டும் பிரதேசக் குறியீட்டை மாற்றும்படி கேட்டாலும் அவசரப்பட வேண்டாம். நம் நாடும் இந்தியாவும் ஐந்தாம் பிரதேசம், பிரித்தானியா இரண்டு, கனடாவும் அமெரிக்காவும் ஒன்று. ஒரு டிரைவின் குறியீட்டை ஐந்து முறைதான் மாற்றலாம், அதன்பின் கடைசியாக வைத்ததிலேயே அது நின்றுவிடும். டொரன்டோ இறுவட்டுகள் நிறைய இருந்தால், மலிவான இரண்டாவது டிரைவ் ஒன்றை அவற்றுக்கென்றே ஒதுக்குங்கள்.

இருபது நிமிடம் மட்டுமே வந்திருக்கிறது, அல்லது நேரம் தாறுமாறாகக் காட்டுகிறது

டிவிடியின் படம் ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்கு மிகாத விஓபி கோப்புகளாகத் துண்டாடப்பட்டிருக்கும். ஒரு துண்டு ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடும். ஒன்றை மட்டும் எடுத்து வந்தவர்களுக்குப் படம் அங்கேயே முடிந்துவிடும். நேரக் கணக்கும் துண்டுகளுக்குள் இடையிடையே பூச்சியத்திலிருந்து மீளத் தொடங்கலாம் என்பதால், பிளேயர் முன்னோக்கித் தாவும்போது எங்கோ போய் விழும். எது எதன்பின் வரும் என்ற வழிகாட்டி, ஐஎஃப்ஓ என்று முடியும் சிறிய கோப்புகளில் இருக்கிறது. ஆகவே காணொளிக் கோப்புறையை முழுமையாக எடுத்து, ஹேண்ட்பிரேக்கில் அந்தக் கோப்புறையையே திறக்க வேண்டும். பத்து வினாடிக்குக் குறைந்த தலைப்புகளை ஹேண்ட்பிரேக் இயல்பாகப் பட்டியலில் காட்டாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மிகக் குறுகிய விளக்கப் படங்கள் கொண்ட கல்வி இறுவட்டுகளில் "படத்தைக் காணவில்லை" என்பதற்கு இது காரணமாகலாம். விருப்பத் தெரிவுகளில் அந்த எல்லையைக் குறைக்கலாம்.

வெட்டிய துணுக்கு சில வினாடி முன்னதாகவோ பின்னதாகவோ தொடங்குகிறது

ஒழுங்கு மாறியதால் வரும் கோளாறுகளில் இதுவே முதன்மையானது. காணொளியில் எல்லாச் சட்டகங்களும் (அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்களும்) முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. சில மட்டும் முழுமையாக இருக்கும், இடைப்பட்டவை முந்தியதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். தரம் குறையாமல் வெட்டும் மென்பொருள் முழுச் சட்டகம் உள்ள இடத்தில்தான் வெட்ட முடியும். டிவிடியில் அத்தகைய சட்டகம் ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒருமுறை வருகிறது. எம்பி4 ஆக மாற்றிய கோப்பிலோ பத்து வினாடி வரைகூட இடைவெளி இருக்கலாம். முதலில் முழுப் படத்தையும் எம்பி4 ஆக்கிவிட்டுப் பிறகு வெட்டுபவர்கள், அரை வினாடித் துல்லியத்தைத் தாங்களே பத்து வினாடியாகத் தளர்த்திக்கொள்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பற்றிய புவியியல் பாடத்துக்கு, கடல் உள்வாங்கும் காட்சியில் தொடங்க வேண்டிய துணுக்கு, செய்தி வாசிப்பவரின் முகத்தில் தொடங்கினால் மாணவரின் கவனம் அங்கேயே சிதறிவிடும்.

எனவே விஓபி கோப்பை அவிடெமக்ஸில் திறந்து, மேல் கீழ் அம்புக்குறிகளால் முழுச் சட்டகத்துக்குச் சட்டகம் தாவி, தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, காணொளிக்கும் ஒலிக்கும் "கொப்பி" என்பதை வைத்து எம்கேவி கோப்பாகச் சேமியுங்கள். அரை வினாடிகூடப் பிசகக் கூடாது என்றால், ஹேண்ட்பிரேக்கில் வீச்சை அத்தியாயத்திலிருந்து வினாடிக்கு மாற்றித் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கொடுங்கள். அது காணொளியைப் புதிதாக எழுதி மீளக் குறியீடாக்குவதால் எந்தச் சட்டகத்திலும் தொடங்கும்.

ஒலி இல்லை, குரல் மெலிந்து கேட்கிறது, அல்லது இரண்டு ஒலி கலந்து கேட்கிறது

வீட்டில் கேட்டது ஸ்மார்ட் போர்டில் கேட்கவில்லை என்றால், டிவிடியின் டொல்பி ஒலியை அந்தக் கருவி அறியவில்லை. ஹேண்ட்பிரேக்கில் ஒலியை ஏஏசி ஸ்டீரியோவாக மாற்றினால் தீரும். இசை உரக்கவும் பேச்சு மெலிந்தும் கேட்டால், மூலத்தில் ஒலி ஆறு தடங்களாக இருந்து, பேச்சு நடுத்தடத்தில் தங்கியிருக்கிறது. ஹேண்ட்பிரேக்கின் ஒலிப் பகுதியில் உரத்ததற்கும் மெலிந்ததற்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் அளவு ஒன்று இருக்கிறது. அதை 2 அளவுக்கு உயர்த்தினால் நாற்பது பேர் இருக்கும் வகுப்பின் கடைசி வாங்கிலும் பேச்சு கேட்கும்.

பழைய வீசீடிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஸ்டீரியோவின் இடத்தடத்தில் ஒன்றையும் வலத்தடத்தில் மற்றொன்றையும் வைத்திருப்பார்கள். கரோக்கே தட்டில் ஒரு பக்கம் இசை மட்டும், மறுபக்கம் பாடலோடு. சில கல்வித் தட்டுகளில் ஒரு பக்கம் ஒரு மொழி, மறுபக்கம் இன்னொன்று. ஒரே ஸ்பீக்கர் உள்ள வகுப்பறையில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும்போது பாடமே குழம்பிவிடும். ஹேண்ட்பிரேக்கின் ஒலிக் கலவையில் "மோனோ, இடம் மட்டும்" அல்லது "மோனோ, வலம் மட்டும்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

அசைவுகளில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள்

கலைவிழாப் பதிவுகளில் இதைத் தவிர்க்கவே முடியாது. தொலைக்காட்சிக்கான பழைய பதிவுமுறை ஒரு சட்டகத்தை ஒற்றை வரிகளாகவும் இரட்டை வரிகளாகவும் இரு நேரங்களில் எடுக்கிறது. பரதநாட்டியம் ஆடும் மாணவியின் கை அந்த இடைவெளிக்குள் நகர்ந்துவிடுவதால், கணினித் திரையில் முத்திரை கிழிந்த துணிபோலத் தெரியும். ஹேண்ட்பிரேக்கின் வடிகட்டிகளில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கினால் கோடு மறையும். நடனத்துக்கோ விளையாட்டுக்கோ என்றால் நான் இன்னும் ஒரு படி போய், "பொப்" என்ற முறையைத் தெரிவுசெய்து, வினாடிக்கு 25 சட்டகங்களை 50 ஆக்குவேன். கோப்பு சற்றுப் பெருக்கும், ஆனால் நடன ஆசிரியை துணுக்கை நிறுத்தி நிறுத்தி அடவு சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு விரலும் தெளிவாக நிற்கும். மாற்றிய பின்னர் இந்தக் கோடுகளை நீக்குவது பெரும்பாலும் இயலாது. மூலத்துக்கே திரும்ப வேண்டும்.

முகங்கள் நீண்டோ அகன்றோ தெரிகின்றன

நம் ஊர் டிவிடி 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. அது அகலத்திரையா சாதாரணத் திரையா என்பதை ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறது. சில கருவிகள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. ஹேண்ட்பிரேக்கின் பரிமாணப் பகுதியில் அனமோர்ஃபிக் என்பதை நிறுத்தி, அகலத்திரைக்கு 1024க்கு 576 என்றும், சாதாரணத்துக்கு 768க்கு 576 என்றும் வைத்தால் எங்கும் ஒரேபோலத் தெரியும்.

தமிழ் உபதலைப்பு கட்டங்களாகவோ ஆங்கில எழுத்துக் குவியலாகவோ வருகிறது

ஆங்கில விவரணப் படத்துக்குத் தமிழ் உபதலைப்பு எழுதிச் சேர்ப்பது நல்ல வழக்கம். எழுதியவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தால், கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. பாமினி இல்லாத இடத்தில் அவை அப்படியே வெளிப்படும். யூனிகோட் மாற்றி ஒன்றினால் அவற்றை மாற்றுங்கள். ஆனால் நேரக் குறிப்பு வரிகளை மாற்றிக்குள் விடக்கூடாது, அவற்றுக்கிடையே உள்ள அம்புக்குறி குலைந்துவிடும். மாற்றிய பின் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். கட்டங்கள் தெரிந்தால் எழுத்துருவே குறை. விண்டோஸில் நிர்மலா யூஐ அல்லது லதாவைத் தெரிவுசெய்யுங்கள். வகுப்பறைக் கருவியில் எந்த எழுத்துரு இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், ஹேண்ட்பிரேக்கில் உபதலைப்பைப் படத்தோடு "பேர்ன்" செய்து பதித்துவிடுவதையே நான் செய்கிறேன். ஒரு தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிட நீளும். வரிக்கு நான்கைந்து சொல்லுக்கு மேல் வைத்தால் தரம் 6 பிள்ளைகளால் வாசித்து முடிக்க இயலாது.

வீட்டில் ஓடியது, வகுப்பறையில் ஓடவில்லை

பவர்பொயின்ட்டில் படம் கறுப்பாக நின்றால், பெரும்பாலும் காணொளி கோப்புக்குள் உட்பொதிக்கப்படாமல் வெறும் இணைப்பாக இருக்கிறது. பென்டிரைவில் பவர்பொயின்ட் கோப்பு மட்டும் வந்திருக்கிறது, காணொளி வீட்டுக் கணினியிலேயே தங்கிவிட்டது. எச்.264 காணொளியும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 ஆக, சட்டக வேகத்தை மாறாததாக வைத்து, உட்பொதியுங்கள். முழு இறுவட்டின் உருவத்தைப் பென்டிரைவுக்கு எடுக்கும்போது "கோப்பு மிகப் பெரியது" என்று வந்தால், இடம் இருந்தும் அப்படிச் சொல்வது ஃபாட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவ். ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட அது விடாது. எக்ஸ்ஃபாட் என்ற இன்னொரு வடிவமைப்பு முறைக்கு மாற்றலாம், ஆனால் பழைய ஸ்மார்ட் போர்டுகள் சில அதை வாசிக்காது. துணுக்குகளுக்கு ஃபாட்32 தாராளமாகப் போதும். அத்தகைய போர்டுகளில் தமிழில் பெயரிட்ட கோப்புகள் கட்டங்களாகத் தெரிந்து எது எதுவென்று அறிய முடியாமற் போவதால், கோப்பின் பெயரை இலக்கங்களால் தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளால் புரொஜெக்டருக்கு இணைத்ததும் படம் வந்து ஒலி மட்டும் மறைந்தால், துணுக்கில் குறையைத் தேட வேண்டாம். விண்டோஸ் ஒலியையும் கேபிள் வழியே ஸ்பீக்கர் இல்லாத புரொஜெக்டருக்கு அனுப்பிவிட்டது. திரையின் கீழ் மூலையிலுள்ள ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கி, மடிக்கணினியின் ஸ்பீக்கரையே வெளியீடாகத் தெரிவுசெய்யுங்கள்.